நெருப்பு மகனின் தாய்மாமன்

அந்தக் கல்லுல உக்காராதீங்க தம்பி, இப்பத்தான் என் கிடா அதுல மூத்திரம் அடிச்சுது. இப்படி நிழலுக்கு வாங்க. தங்கச்சி, நீங்களும் மூட்டையை இறக்கி வைங்கம்மா. தண்ணி குடிங்க, நல்ல ஊத்து. ஏத்தம் இனிமேத்தான் இருக்கு.

மேல, பிரைனெஸ்தே ஊருக்குத்தானே போறீங்க? கேக்கவே வேண்டாம். மூட்டை முடிச்சோட இங்க வந்து மூஞ்சி கழுவுறவங்க எல்லாம் அங்கதான் போறாங்க. ஓடிப்போன அடிமை, ஆடு திருடி மாட்டிக்கிட்டவன், அண்ணன் பொண்டாட்டியை இழுத்துக்கிட்டு வந்தவன்னு ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பாக்குறேன். ஐயையோ, உங்களைச் சொல்லலை. நீங்க பாத்தாலே தெரியுது, கௌரவமான ஆளுங்க. நான் பொதுவாச் சொன்னேன்.

யாரு சொல்லி வந்தீங்க? சந்தையிலயா? என்ன சொன்னாங்க, நெருப்புச் சாமி வல்கனோட மகன் கட்டின ஊரு, போறவனுக்கெல்லாம் நிலம் குடுக்குறான்னா? த்தூ. தப்பா நெனச்சுக்காதீங்க, தண்ணியில துப்பலை, இந்தப் பக்கம்தான் துப்பினேன்.

எங்க லாட்டியம் சீமையில இது ஒரு வியாதி தம்பி. அப்பன் யாருன்னு நேராச் சொல்ல முடியாதவன் எல்லாம் சாமி புள்ளை. கடல் தாண்டி ஓடி வந்தானே ஈனியாஸ், அவனுக்கு அம்மா காதல் தேவதை வீனஸாம். அவங்கப்பன் மலையில மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தப்போ தேடி வந்தாளாம். நானும் ஆயுசு பூரா மலையிலதான் மேய்க்கிறேன், எனக்கு ஒரு சமையக்காரி கூட அமையலை. அந்தப் பக்கம் ஆத்தங்கரையில ரெட்டைப் பயலுக ரெண்டு பேரு. பெத்தவ யாருன்னா, கோயில்ல கடைசி வரைக்கும் கன்னியாவே இருக்கேன்னு சத்தியம் பண்ணினவ. கேட்டா போர்ச் சாமி மார்ஸ் வந்துட்டுப் போனாராம். மார்ஸுக்கு வேற வேலை வெட்டி இல்லை பாருங்க. கேக்குறப்பவே காது கூசுது.

சரி, அதெல்லாம் ஊரார் வீட்டுக் கதை, எனக்கென்ன? ஆனா இது என் வீட்டுக் கதை. மேல உக்காந்திருக்கானே உங்க நெருப்பு மகன், கைகுலஸ், அவன் என் தங்கச்சி விபியா பெத்தது. நான் தாய்மாமன். ஆமா, நானேதான். என்ன அப்படிப் பாக்குறீங்க? சாமியோட மச்சான் ஆட்டுப் புழுக்கையில உக்காந்திருக்கானேன்னா? அதைத்தான் நானும் கேக்குறேன். ஊரு முழுக்கக் கேக்குறேன், எவனும் பதில் சொல்ல மாட்டேங்கிறான்.

முதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க. வெயில் தாழட்டும், அப்புறம் ஏறலாம்.

எங்கப்பா போனப்புறம் வீட்டுக்கு நான்தான் பெரியவன். எனக்கு அடுத்து என் தம்பி நேவியஸ். அவனைப் பத்தி அப்புறம் சொல்றேன், அவன் ஒரு தனிக் கேவலம். கடைசி விபியா. அவளைக் கண்ணுல வச்சுத்தான் வளர்த்தேன். யாரும் பொண்ணு கேட்டு வந்தா நல்ல குடும்பமான்னு பாப்பேன். நல்ல குடும்பம் எதுவும் வரலை, அது என் தப்பா?

ஒரு வருஷம் ஆட்டு மயிர் கத்தரிக்கிற பருவத்துல ஒரு கொல்லன் வந்தான். ஊர் ஊராப் போறவன். கத்தரி தீட்டுவான், அரிவாள் அடிப்பான். எங்க வீட்டு வாசல்லதான் உலை போட்டான். மூஞ்சியெல்லாம் கரி, பல்லு மட்டும் வெள்ளை. வேர்வை நாத்தம் தெருக்கோடி வரைக்கும் அடிக்கும். விபியா என்னடான்னா அவனுக்குத் துருத்தி அமுக்கிக் குடுத்துக்கிட்டு சிரிக்கிறா. வேலை முடிஞ்சுது. முடிஞ்சா கிளம்பணும்ல? கிளம்பலை. குளிச்சு, தலையைப் படிய வாரிக்கிட்டு என்கிட்ட வந்து நின்னான். ‘அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்’னான். கரி மூஞ்சிக்காரன் என்னை அண்ணேங்கிறான்! நாயை அவுத்து விட்டேன்.

என்ன விஷயம்னு நான் கேக்கலை. எதுக்குக் கேக்கணும்? கேட்டா சொல்லிருவானே.

அப்புறம் குளிர் காலம் வந்துச்சு. விபியா வயிறு மறைக்க முடியாம ஆயிடுச்சு. ஊர்ப் பொம்பளைங்க வந்து கேட்டாங்க, யாருடின்னு. அவ முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, ‘அடுப்புப் பக்கத்துல உக்காந்திருந்தேன். ஒரு பொறி தெறிச்சு மடியில விழுந்துச்சு. அவ்வளவுதான்’னா. கொல்லுனு சிரிச்சாங்க. நான் எங்க போய் மூஞ்சியை வச்சுக்குறது? அடுப்புல பொறி தெறிச்சா துணிதானே தம்பி ஓட்டை விழும்? எத்தனை வீட்டுல எத்தனை பொம்பளைங்க அடுப்பு ஊதுறாங்க!

ஆனா ஒண்ணு. வெளியில என்னைக் கேட்டவங்களுக்கு நானும் அதையேதான் சொன்னேன். பொறி விழுந்துச்சாம்னு. வேற என்னத்தைச் சொல்ல? நம்பிச் சொன்னாத்தானே அது பொய். நான் நம்பலையே.

நீ எங்கிட்டயாவது நெசத்தைச் சொல்லுடின்னு அவளைத் தனியாக் கேட்டீங்களான்னு ஒருத்தர் என்னைக் கேட்டாரு. உங்களை மாதிரிதான், வழிப்போக்கர். கேக்கலை. அண்ணன் தங்கச்சிகிட்டக் கேக்குற கேள்வியா அது?

உங்க பக்கம் வழக்கம் எப்படியோ. எங்க பக்கம் புள்ளை பிறந்ததும் மண்ணுல விடுவாங்க. வீட்டுக்குப் பெரியவன் குனிஞ்சு கையால தூக்கணும். தூக்கினா அது அந்த வீட்டுப் புள்ளை, பேரு உண்டு, பங்கு உண்டு. தூக்கலைன்னா அது யாரோ, என்னமோ. வீட்டுக்கு வெளிய கொண்டுபோய் விட்டுட வேண்டியதுதான். இதுல பாவம் ஒண்ணும் கிடையாது, காலங்காலமா நடக்குறது.

அது பிறந்துச்சு. மண்ணுல விட்டாங்க. ரத்தமும் சவ்வும் ஒட்டிக்கிட்டு, செவசெவன்னு, வாயைத் திறந்து கத்திக்கிட்டு. எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு தம்பி. எத்தனை ஆட்டுக்கு ஈத்துப் பாத்தவன் நான்! குட்டி தலை மாறிக் கிடந்தா முழங்கை வரைக்கும் உள்ள விட்டு இழுத்திருக்கேன். அப்பல்லாம் ஒண்ணும் செஞ்சதில்லை. கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். நேவியஸ் என் மூஞ்சியைப் பாக்குறான். விபியா படுத்த வாக்குல என்னையே பாக்குறா.

‘தூக்குண்ணே’ன்னா.

அவ்வளவுதான் சொன்னா, ஒரு வார்த்தை. கொல்லன் புள்ளையை என் கையால தூக்கி என் வீட்டுப் பேரைக் குடுக்கணுமாம். நான் அசையலை.

பாலாடைக்கட்டி வடிக்கிற கூடையை எடுத்துட்டு வந்தேன். ஒரு ஆட்டுத்தோலை அது பக்கத்துல விரிச்சேன். தோல் ஓரத்தைப் பிடிச்சு மெதுவா அணைச்சு உருட்டி, அப்படியே தோலோட கூடைக்குள்ள இறக்கினேன். கை படலை. சத்தியமாச் சொல்றேன், ஒரு விரல் கூடப் படலை. பட்டா தூக்கினதா ஆயிடுமே! அதுல நான் ரொம்பக் கவனமா இருந்தேன். வழி பூரா கூடையைத்தான் பிடிச்சுக்கிட்டு வந்தேன்.

காட்டுல கொண்டுபோய்ப் போட்டேனா? இல்லையே. மத்தவனா இருந்தா காட்டுலதான் போட்டிருப்பான். நான் இந்த ஊத்துக்குத்தான் வந்தேன். இதோ, நீங்க உக்காந்திருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அந்த இடிச் சாமி ஜூபிடர் கோயில் சுவர் ஓரமா வச்சேன். விடிஞ்சா தண்ணி எடுக்கப் பொண்ணுங்க வருவாங்கல்ல, அதனால. வச்சுட்டுத் திரும்பினேன். திரும்பினா பயங்கரக் குளிர். இந்தப் பக்கம் அப்போ ஓநாய் வேற நடமாட்டம். சரின்னு சுள்ளி பொறுக்கினேன். ராத்திரி மழையில எல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தட்டி விரல் தோல் உரிஞ்சு போச்சு. எப்படியோ பத்த வச்சேன். ஈர விறகு, ஒரே புகை. காத்து வேற அது பக்கமே தள்ளுது. அது இருமி இருமி அழுவுது. நான் மண்டி போட்டு ஊதுறேன், ஊத ஊதப் புகைதான் வருது. என் கண்ணுலயும் தண்ணி. புகைதான், வேற ஒண்ணுமில்லை. கைகுலஸுக்குக் கண்ணு ரெண்டும் இடுங்கி, எந்நேரமும் நீர் வடிஞ்சுக்கிட்டு இருக்கும், பாப்பீங்க. சாமி அப்பனோட வெளிச்சத்தைப் பாத்ததால அப்படி ஆச்சுன்னு சொல்லுவாங்க. வெளிச்சமாவது மண்ணாவது. என் ஈர விறகு.

நெருப்பு நின்னு எரிய ஆரம்பிச்சதும் அந்தப் பாறைக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கிட்டேன்.

பொண்ணுங்க வந்தாங்க. பாத்தாங்க. வெறும் வெளியில நெருப்பு, அது பக்கத்துல புள்ளை, ஆளு யாரும் இல்லை. குடத்தைப் போட்டுட்டு அலறினாங்க. ஒருத்தி மட்டும் கிட்டப் போய் அதைத் தூக்கினா. தூக்கி, ‘விபியா சொன்னது நெசம்டி! அப்பன் வந்து காவல் இருந்திருக்கான்டி!’ன்னா.

பாருங்க கூத்தை. பொறின்னு அவ சொன்னப்போ சிரிச்ச அதே வாயிங்க. என் நெருப்பைப் பாத்துட்டு வல்கன்னு சொல்லுது. நான் மூட்டின நெருப்பு அவ சொன்ன பொய்க்குச் சாட்சி ஆயிடுச்சு! மேளமும் தாளமுமா அதை எங்க வீட்டுக்கே கொண்டு வந்துட்டாங்க. நான் கூடையில வெளிய அனுப்பினது, தலைவாசல் வழியா சாமியா உள்ள வந்துச்சு. விபியா கையை நீட்டி வாங்கினா. வாங்கிட்டு அந்தப் பொண்ணுங்ககிட்ட என்ன கேட்டா தெரியுமா? ‘நெருப்பை யாரு போட்டிருந்தா? பக்கத்துல யாரும் நிக்கலையா? நல்லாப் பாத்தீங்களா?’ன்னு திரும்பத் திரும்பக் கேட்டா. யாரும் இல்லைன்னதும் அவ மூஞ்சியில ஒரு சிரிப்பு. பொய் சொன்னவளுக்கே தன் பொய்யில பக்தி வந்துடுச்சுன்னு நெனச்சேன். அன்னையிலேர்ந்து சாயங்காலம் ஆனா வாசல்ல ஒரு சட்டி நெருப்பை வச்சுட்டு ரோட்டைப் பாத்து உக்காந்துடுவா. எனக்கு எரிச்சலா வரும்.

அப்பவே சொல்லியிருக்கலாமே, நெருப்பு நான் போட்டதுன்னு? சொல்லியிருக்கலாம். ஊர்ல இருந்து மாவு வருது, எண்ணெய் வருது, கொழுத்த கிடாயா வருது. கொல்லனைப் பத்தி ஒரு நாய் வாயைத் திறக்கலை. தெருவுல போனா எந்திரிச்சு நிக்கிறாங்க. வீட்டு மானம் காப்பாத்தப்பட்டுச்சு. அந்த நேரத்துல போய் வாயைக் கொடுப்பானா ஒருத்தன்?

நான்தான் வளர்த்தேன் அவனை. என் வீட்டுச் சோறு. ஆடு மேய்க்க, ஓநாய் விரட்ட, காட்டுத்தீ வந்தா சுத்திப் புல்லை எரிச்சுத் தடுக்க, எல்லாம் நான் கத்துக் குடுத்ததுதான். ஒரு நாள் அவனை அடிச்சிருப்பேனா? கிடையாது. தொட்டதே இல்லை, அப்புறம் எங்க அடிக்கிறது? சின்னதுல காலைக் கட்டிக்க வரும். கோலை நீட்டித் தள்ளி நிறுத்திடுவேன். அப்புறம் வர்றதை நிறுத்திடுச்சு, நல்ல புள்ளை. ஒரு தடவை ஆட்டுக் கிடையில ரெண்டு பேரும் குளிர் காய்ஞ்சுக்கிட்டு இருந்தப்போ கேட்டான், ‘மாமா, அன்னைக்கு எனக்கு நெருப்பு போட்டது யாரு?’ன்னு. எனக்கு எரிச்சல். ‘ம், உங்கப்பன்’னேன். கிண்டலாத்தான் சொன்னேன். அவன் வாயைப் பிளந்துக்கிட்டு நெருப்பையே பாத்துக்கிட்டு இருந்தான். கிண்டல் கூடவா புரியாது ஒருத்தனுக்கு?

தாடி முளைச்சதும் அவனை மாதிரியே இருக்கிற கழிசடைகளைச் சேத்துக்கிட்டு மலையேறிட்டான். கொள்ளை அடிச்சாங்க. சேந்ததை வச்சு மேல சுவர் எழுப்பினாங்க. அவன் ஆளுகளைப் பாத்திருப்பீங்களே. ஓநாய்த்தோல் குல்லா. வலது காலுக்குத் தோல் செருப்பு, இடது காலு வெறுங்காலு. ஏன்டா இப்படின்னா எவனுக்கும் தெரியலை. ரெண்டாவது செருப்பைத் தைக்கச் சோம்பேறித்தனம், வேற என்ன? விபியாவையும் கூட்டிட்டுப் போயிட்டான். நேவியஸ் தானாவே பின்னாடி ஓடினான். இப்போ அவன் அங்க பூசாரி. பொறி விழுந்ததைத் தன் கண்ணால பாத்தேன்னு சொல்லி, அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளிக் குடுக்கிறான். புள்ளை இல்லாதவளுங்க அதை முந்தியில முடிஞ்சுக்கிட்டுப் போறாளுங்க. சாம்பல் தம்பி! எலும்பு, மீன் முள்ளு எல்லாம் கிடக்கும் அதுல. த்தூ.

என்னைக் கூப்பிடலை.

அதுதான் எனக்குக் குறை. வேற ஒண்ணும் வேண்டாம். நிலம் வேண்டாம், பதவி வேண்டாம். நெருப்பு போட்டவன் எங்க மாமன்னு ஒரு வார்த்தை, எல்லார் முன்னாடியும். முன் வரிசையில ஒரு மணை. அது எனக்குச் சேர வேண்டியதா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

போன அறுப்பு முடிஞ்சு ஊருக்குப் பெரிய விளையாட்டு விழா வச்சான். ஓட்டம், மல்லுக்கட்டு, விருந்து. சுத்துப்பட்டு ஊர்க்காரன் எல்லாம் வந்துட்டான். நானும் போனேன். கூப்பிடலைன்னா என்ன, தாய்மாமனுக்குக் கூப்பிடணுமா? கூட்டத்தோட கடைசியில, வறுத்த கறி நாத்தத்துல நின்னேன். முன்னாடி நேவியஸ் மாலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். கைகுலஸ் மேடையேறி, ‘எல்லாரும் இங்கயே தங்குங்க. நான் வல்கன் மகன், உங்களைக் காப்பாத்துவேன்’னான். கூட்டத்துல முணுமுணுப்பு. ஒருத்தன் ‘எந்த வல்கன்? கொல்லன் வல்கனா?’ன்னு கேட்டான். சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. இனி பொறுக்க முடியலை. இடிச்சுக்கிட்டு முன்னாடி போய் நின்னு, ‘நெருப்பு போட்டது வல்கனும் இல்லை கொல்லனும் இல்லை, நான்! அவன் தாய்மாமன்!’னு கத்தினேன்.

அவன் இறங்கி என் எதுக்க வந்து நின்னான்.

‘நீங்களா மாமா?’ன்னான். மரியாதையாத்தான் கேட்டான்.

‘நான்தான்டா. ஈர விறகு. விரல் உரிஞ்சு போச்சு, பாரு’ன்னு கையைக் காட்டினேன்.

‘எதுக்குப் போட்டீங்க?’

‘ஓநாய் வரும்ல?’

‘வந்தா என்ன? தூக்கிப் போட்ட புள்ளைதானே?’

நான் விவரமாச் சொன்னேன். ‘தூக்கிப் போடலைடா. உன்னைத் தூக்கவே இல்லை. கூடையிலதான் கொண்டு போனேன். ஒரு விரல் படலை, வேணும்னா உங்கம்மாவைக் கேளு.’ விபியா ஓரமா நின்னுக்கிட்டு இருந்தா. என்னையே வெறிச்சுப் பாத்துக்கிட்டே நின்னா.

அப்போ அவன் ஒரு காரியம் பண்ணினான் தம்பி. சொல்லவே வெக்கமா இருக்கு. அத்தனை பேரு பாக்க, குல்லாவைக் கழட்டி வச்சுட்டு, என் காலடியில மண்ணுல படுத்துட்டான். மல்லாக்க. எருமை மாடு மாதிரி ஆம்பளை!

‘மாமா, இப்பத் தூக்குங்க’ன்னான். ‘எனக்குச் சாமியும் வேண்டாம் நெருப்பும் வேண்டாம். நீங்க கையால தூக்கினா, இங்கயே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், நான் விபியா மகன், மாமா வீட்டுப் புள்ளைன்னு. உங்களை என் பக்கத்துல உக்கார வச்சுக்கிறேன். தூக்குங்க மாமா.’

என்ன நாடகம் பாருங்க! என் இடுப்பு இருக்கிற இருப்புக்கு அவனைத் தூக்க முடியுமா? சரி, சும்மா தொட்டாப் போதும், அவனே எந்திரிச்சிருப்பான். அது எனக்குத் தெரியாதா? ஆனா குனிஞ்சு பாத்தேன் தம்பி. கீழ கிடக்கிற மூஞ்சி அப்படியே அந்தக் கரி மூஞ்சி. அதே பல்லு. அந்த இடுங்கின கண்ணுலேர்ந்து நீர் காது வரைக்கும் வழியுது. எனக்கு மறுபடியும் குமட்டிக்கிட்டு வந்துச்சு. என் கை முன்னாடி போச்சுன்னு நேவியஸ் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறான். பொய். போகலை. போயிருந்தாலும் ஈ ஓட்டத்தான் போயிருக்கும்.

ரெண்டடி பின்னாடி வந்துட்டேன்.

அவன் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். அப்புறம் அவனே எந்திரிச்சான், மண்ணைக் கூடத் தட்டலை. மேடையேறி, ‘அப்பா, நீங்களாவது வாங்க’ன்னு கையைத் தூக்கினான். கூட்டத்தைச் சுத்தி நாலா பக்கமும் குப்புனு நெருப்பு! ஆளுயரத்துக்கு! ஜனம் எல்லாம் மண்ணுல விழுந்து கும்பிடுது. எனக்குப் பிசின் வாசம் அடிச்சுது. காய்ஞ்ச புல்லு, பிசின் தடவின கயிறு, மறைவா நாலு ஆளு. காட்டுத்தீக்கு வட்டம் போடுறது, நான் சொல்லிக் குடுத்த வித்தை. அதையும் சாமின்னுட்டாங்க. என் புருவம் கருகிப் போச்சு, இதோ பாருங்க. யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

அதோட போச்சா? இல்லை. சில நாள் கழிச்சு விபியா தனியா இறங்கி வந்தா. இங்க, இந்த ஊத்துக்கு. இந்தப் பாறைமேலதான் உக்காந்தா. தலை பூரா நரைச்சுப் போச்சு. சரி, அண்ணனைப் பாக்க வந்திருக்கா, மேல கூப்பிடத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஏன் மறைக்கணும்.

‘நெசமாவே நீதான் போட்டியாண்ணே?’ன்னா.

‘நான்தான்.’

‘அவரு இல்லையா?’

‘எவரு?’

அவ ரோட்டையே பாத்துக்கிட்டுச் சொன்னா. ‘நீ நாயை விட்டப்புறமும் அவரு எங்கயோ பக்கத்துலதான் இருக்காருன்னு நெனச்சேன். புள்ளை பிறந்தது தெரிஞ்சு வந்து, குளிருமேன்னு நெருப்பு போட்டு, உனக்குப் பயந்து ஒளிஞ்சுக்கிட்டாருன்னு. ஒரு நாள் வருவாருன்னு. அதை வச்சுத்தான்ணே இத்தனை காலம் இருந்தேன்.’

நான் என்ன சொல்லட்டும்? கிழவி ஆயிட்டா, இன்னும் கொல்லன் நெனப்பு. அருவருப்பா இருந்துச்சு.

‘புகையில ரொம்ப அழுதானா?’ன்னா.

‘அழத்தான் செய்வான். அழாம?’

‘நீ எங்க இருந்த?’

‘இங்கதான். இந்தப் பாறைக்குப் பின்னாடி.’

‘கேட்டுக்கிட்டேவா இருந்த?’

‘கேட்டுக்கிட்டுத்தான். எனக்கென்ன காது செவிடா?’

அவ எந்திரிச்சா. நான் பாதையில நின்னுக்கிட்டு இருந்தேன், பாக்குறீங்கல்ல, இந்த இடத்துல பாதை குறுகல், ஒரு ஆள்தான் போகலாம். கையை நீட்டினேன், ஏத்தமாச்சே, பிடிச்சுக்கட்டும்னு. அவ என் கையைப் பாத்தா. பாத்துட்டு, போர்வையை ரெண்டு கையாலயும் இழுத்து ஒடுக்கிச் சுருட்டிக்கிட்டு, பாறையை ஒட்டி உடம்பைக் குறுக்கிக்கிட்டு, என் மேல ஒரு நூல் கூடப் படாம தாண்டி ஏறிப் போயிட்டா. வழியில மலம் கிடந்தா பொம்பளைங்க எப்படித் தாண்டுவாங்க, அப்படி. அவ மூஞ்சியைப் பாத்தேன் தம்பி. கோவம் இல்லை. அழுகை இல்லை. அருவருப்பு.

என்னைப் பாத்து! மானத்தைக் கப்பல் ஏத்தினது அவ. கொல்லனுக்குப் பெத்தது அவ. அருவருப்பு எனக்கில்ல தம்பி வரணும்? அது எப்படி அவளுக்கு வரும்? அன்னையிலேர்ந்து வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் இதைத்தான் கேக்குறேன். நீங்களாவது சொல்லிட்டுப் போங்க.